எலும்பு தெரியும் கோடு

உங்கள் இடது கையை மேசைமேல் வையுங்கள், உள்ளங்கை மேலே பார்த்தபடி. இப்போது மெதுவாகப் புரட்டிக் கவிழ்த்துப் பாருங்கள். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கையின் வெளிக்கோடே மாறிவிட்டது தெரிகிறதா? காரணம் தோலுக்கு உள்ளே இருக்கிறது. முன்கையில் இரண்டு எலும்புகள் உண்டு. உள்ளங்கை மேலே இருக்கும்போது இரண்டும் தண்டவாளம் மாதிரி பக்கம் பக்கமாகக் கிடக்கும். கவிழ்த்தால் கட்டைவிரல் பக்கத்து எலும்பு மற்றதன்மேல் குறுக்கே ஏறிக்கொள்ளும். மணிக்கட்டின் ஓரத்தில் குமிழ் போலத் துருத்திக்கொண்டு நிற்கிறதே, அது சுண்டுவிரல் பக்கத்து எலும்பின் நுனி.

இதெல்லாம் தெரியாமலும் கையை வரையலாம். நம்மில் பெரும்பாலானோர் அப்படித்தான் வரைகிறோம். கண்ணுக்குத் தெரிகிற விளிம்பைப் பிடித்துக்கொண்டே பென்சிலை ஓட்டினால் கை மாதிரி ஒன்று வந்துவிடும். ஆனால் கையுறைக்குள் காற்றை ஊதிக் கட்டியது போல இருக்கும். எலும்பு எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்தவர் போட்ட கோடு அப்படி இருக்காது. அந்தக் கோட்டில் ஒரு இறுக்கம் இருக்கும், ஒரு திசை இருக்கும். எங்கே தோலுக்கு அடியில் எலும்பு முட்டுகிறது, எங்கே சதை தளர்கிறது என்பதைக் கோடே சொல்லிவிடும்.

இந்த வித்தியாசத்தைக் கற்றுக்கொடுப்பதிலேயே ஏறக்குறைய 40 ஆண்டுகளைக் கழித்தவர் ஹென்றி டாங்க்ஸ். லண்டனில் உள்ள ஸ்லேட் கலைப்பள்ளியின் ஆசிரியர். பிரிட்டனின் 20-ஆம் நூற்றாண்டு ஓவியர்களில் பெயர் தெரிந்தவர்களை எண்ணிப் பார்த்தால், பாதிப் பேராவது அவர் முன்னால் உட்கார்ந்து திட்டு வாங்கியவர்கள்தான். திட்டு என்பதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. அதற்கு அப்புறம் வருகிறேன்.

டாங்க்ஸ் 1862-இல், பர்மிங்ஹாமுக்குப் பக்கத்தில் உள்ள சாலிஹல் என்ற ஊரில் பிறந்தார். குடும்பத்துக்குப் பித்தளை வார்ப்படத் தொழில். பிள்ளை மருத்துவம் படிக்கப் போனார். பிரைட்டனிலும் பிறகு லண்டனின் ஏழைகள் பகுதியான ஒயிட்சாப்பலில் இருந்த லண்டன் ஆஸ்பத்திரியிலும் பயிற்சி. அங்கே சர் ஃபிரெடரிக் ட்ரீவ்ஸிடம் ஹவுஸ் சர்ஜனாக இருந்தார். 'யானை மனிதன்' என்று உலகம் அறிந்த ஜோசஃப் மெரிக்குக்கு அடைக்கலம் தேடிக்கொடுத்த அதே ட்ரீவ்ஸ்தான். 1888-இல் டாங்க்ஸ் ராயல் சர்ஜன்கள் கல்லூரியின் ஃபெல்லோ ஆனார். அந்தக் காலத்தில் ஓர் இளம் அறுவை மருத்துவருக்கு இதைவிடப் பெரிய அங்கீகாரம் கிடையாது.

ஆனால் வார்டில் நோயாளிகளையும் பிணவறையில் சடலங்களையும் அவர் வரைந்துகொண்டே இருந்தார். ஃபெல்லோ ஆன அதே காலத்தில் வெஸ்ட்மின்ஸ்டர் கலைப்பள்ளியின் மாலை வகுப்பிலும் போய்ச் சேர்ந்தார். பகலில் ஆஸ்பத்திரி, சாயங்காலம் ஓவிய வகுப்பு. அங்கே ஆசிரியராக இருந்தவர் ஃபிரெடரிக் பிரவுன். 1892-இல் பிரவுனுக்கு ஸ்லேடின் பேராசிரியர் பதவி கிடைத்தது. உதவிக்கு ஆள் தேடியபோது அவர் கூப்பிட்டது இந்த டாக்டரைத்தான். டாங்க்ஸுக்கு அப்போது 30 வயது. மருத்துவத்தை விட்டுவிட்டார். வீட்டில் என்ன சொல்லியிருப்பார்கள் என்று யோசித்துப் பார்க்கலாம். நம் ஊரில் என்ன சொல்வார்கள் என்பது நமக்குத் தெரியும்.

ஸ்லேட் பள்ளி அப்போது புதிது. ஃபீலிக்ஸ் ஸ்லேட் என்ற சேகரிப்பாளர் விட்டுச்சென்ற பணத்தில், லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஒரு பகுதியாக, கோவர் தெருவில் 1871-இல் தொடங்கியது. தொடங்கிய நாளிலிருந்தே பெண்களையும் சேர்த்துக்கொண்டது. அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம். ஆனால் உயிருள்ள மாடலைப் பார்த்து வரையும் வகுப்பு மட்டும் ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி.

அன்றைக்கு ஓவியப் பயிற்சி என்பது எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் டாங்க்ஸ் செய்தது புரியும். அரசாங்கத்தின் ஓவியப் பள்ளிகளில் ஒரு மாணவர் கிரேக்கச் சிலையின் பிளாஸ்டர் வார்ப்பு முன்னால் உட்காருவார். வாரக்கணக்கில், சிலசமயம் மாதக்கணக்கில், அந்த ஒரே வார்ப்பை வரைவார். கரியையோ சாக்பீஸையோ பூசி, காகிதச் சுருளால் தேய்த்து, ரொட்டித் துணுக்கால் ஒற்றி எடுத்து, புள்ளி புள்ளியாக வைத்து, வெளிச்சமும் நிழலும் இழையுமாறு பளிங்கு மாதிரி மெழுகித் தருவார். பார்க்க அசத்தலாக இருக்கும். எனக்கும் பள்ளியில் டிராயிங் வகுப்பு என்றால் இதன் ஏழைத் தம்பிதான் கிடைத்தது: ஒரு குடத்தின் வெளிக்கோட்டைப் போட்டுவிட்டு, பென்சில் கரியை விரலால் தேய்த்து ஒரு பக்கம் கறுப்பாக்கினால் மதிப்பெண். குடத்தின் வாய்க்கு மறுபக்கம் ஒன்று உண்டு என்பதை யாரும் கேட்டதில்லை.

டாங்க்ஸின் வாதம் எளிது. நிழல் விளக்கைப் பொறுத்தது. விளக்கை நகர்த்தினால் நிழல் நகர்ந்துவிடும். ஆனால் தோள் தோளாகவேதான் இருக்கும். ஆகவே முதலில் வரைய வேண்டியது தோளை, அதன்மேல் விழுந்த நிழலை அல்ல. ஸ்லேடில் வரைதல் என்பதற்கு வைத்துக்கொண்ட பொருள் இதுதான்: உருவம் எப்படி அமைந்திருக்கிறது என்று விளக்குவது. பார்த்ததை நகலெடுப்பது வேறு, விளக்குவது வேறு. ஒரு தெருவைப் படம் பிடிப்பதற்கும், புதிதாக வந்தவருக்கு வழி சொல்வதற்கும் உள்ள வேறுபாடு மாதிரி. வழி சொல்கிறவர் எல்லாவற்றையும் சொல்வதில்லை. திரும்ப வேண்டிய இடங்களைச் சொல்கிறார்.

இங்கேதான் வெளிக்கோடு என்பதை வேறு மாதிரிப் பார்க்க வேண்டியிருக்கிறது. காகிதத்தை வெட்டி ஒட்டினால் அதன் விளிம்பு உண்மையிலேயே ஒரு விளிம்பு. ஆனால் ஒரு கன்னத்துக்கு விளிம்பே கிடையாது. நம் கண்ணுக்கு எட்டாத பக்கமாக அது வளைந்து போகும் இடத்தைத்தான் நாம் விளிம்பு என்கிறோம். அப்படியானால் கன்னத்துக்குப் போடும் கோடு, 'இந்த இடத்தில் இது பின்பக்கமாகத் திரும்புகிறது' என்று சொல்ல வேண்டும். முன்னால் வருகிற வடிவத்தின் கோடு பின்னால் இருக்கிற வடிவத்தின் கோட்டை மறைத்துக்கொண்டு போகும், பின்னது அதற்கடியில் நுழைந்துகொள்ளும். கழுத்தைத் திருப்பி நிற்கும் ஒருவரை வரைந்தால், தாடையின் கோடு எங்கே முடிகிறது, கழுத்துத் தசையின் கோடு அதற்குப் பின்னால் எங்கே தொடங்குகிறது என்பதிலேயே முக்கால்வாசி வேலை முடிந்துவிடும். நிழலே வேண்டியதில்லை. கண்ணால் பார்ப்பதைக் கையால் தொட்டுத் தடவிப் பார்ப்பது போல வரைய வேண்டும் என்பது ஸ்லேட் ஆசிரியர்களின் நம்பிக்கை. நோயாளியின் முதுகை விரலால் அழுத்திப் பார்த்து உள்ளே என்ன என்று கண்டுபிடிக்கும் டாக்டருக்கு இது இயல்பாக வந்ததில் வியப்பில்லை.

வகுப்பு நடந்த விதமும் ஒரு ஆஸ்பத்திரி வார்டைத்தான் ஞாபகப்படுத்துகிறது. மாணவர்கள் முதலில் பிளாஸ்டர் வார்ப்புகள் இருந்த கூடத்தில் வரைய வேண்டும். தேறியவர்களுக்கு மாடல் அறை. அங்கே 'கழுதை' என்று அழைக்கப்படும் நீளமான மரப்பலகைகளில், குதிரைமேல் உட்காருவது போல இருபுறமும் காலைப் போட்டு உட்கார்ந்து வரைவார்கள். உலகெங்கும் கலைக்கல்லூரிகளில் அதற்கு இன்றும் அதே பெயர்தான். டாங்க்ஸ் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வருவார். உயரமானவர், ஒல்லி, மூக்கு கூர்மை. மாணவரின் தாளின் ஓரத்தில் தானே ஒரு சின்னப் படம் போட்டுக் காட்டுவார்: இந்த மூட்டு இப்படித்தான் உட்கார்ந்திருக்கிறது, இந்த எலும்பு இப்படித்தான் போகிறது. எந்தப் பாடநூலையும்விட அந்த ஓரப் படங்களே உதவின. பழைய மேதைகளின் கோட்டோவியங்களைப் போய்ப் பார்க்கச் சொல்லி மாணவர்களைப் பிரிட்டிஷ் மியூசியத்துக்கும் அனுப்புவார்கள். மைக்கேலாஞ்சலோவும் ரெம்பிராண்டும் அவர்களுக்கு மேலதிக ஆசிரியர்கள்.

சரி, அந்தத் திட்டு. டாங்க்ஸின் வாய்க்குப் பயந்து அழுதவர்கள் ஆண்களிலும் உண்டு, பெண்களிலும் உண்டு. மாணவர்கள் பின்னாளில் எழுதிய நினைவுக்குறிப்புகள் பலவற்றில் இந்தக் காட்சி வருகிறது. பால் நாஷ் 1910-இல் சேர வந்தபோது தன் படங்களைக் காட்டினார். அந்த மனிதர் பார்த்த பார்வையிலேயே, தன்னால் இந்தப் பள்ளிக்கும் இந்தப் பள்ளியால் தனக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை என்று புரிந்துவிட்டதாக நாஷ் எழுதியிருக்கிறார். இன்னொரு மாணவரான நெவின்சனிடம், ஓவியராகும் எண்ணத்தையே விட்டுவிடச் சொன்னார் டாங்க்ஸ். இருவரும் முதல் உலகப் போரைப் பற்றிய மறக்க முடியாத ஓவியங்களை வரைந்தார்கள். ஆசிரியராக டாங்க்ஸ் மகத்தானவர் என்று எழுதுகிற எல்லோரும் இந்தக் கணக்கையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும். கண்டிப்பால் வளர்ந்தவர்களின் பெயர்கள் நமக்குத் தெரிகின்றன. அதே கண்டிப்பால் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுப் போனவர்களின் பெயர்கள் தெரிவதற்கு வழியில்லை.

ஆனாலும் பட்டியல் அசாதாரணமானது. 1890களில் அகஸ்டஸ் ஜான், அவருடைய அக்கா க்வென் ஜான், வில்லியம் ஆர்ப்பன், விண்டம் லூயிஸ். 1908 முதல் இன்னொரு வெள்ளம்: தேம்ஸ் கரையில் உள்ள குக்கம் கிராமத்திலிருந்து தினமும் ரயிலில் வந்துபோய்ப் படித்ததால் 'குக்கம்' என்றே கூப்பிடப்பட்ட ஸ்டான்லி ஸ்பென்சர், கிழக்கு லண்டனின் யூதக் குடியிருப்பிலிருந்து வந்த மார்க் கெர்ட்லர், டேவிட் பாம்பர்க், கவிஞருமான ஐசக் ரோசன்பர்க், கூந்தலைக் குட்டையாக வெட்டிக்கொண்டு வந்து எல்லோரையும் திடுக்கிட வைத்த டோரா கேரிங்டன். ஒரே பள்ளி, நான்கைந்து ஆண்டுகள். இலங்கையின் '43 குழு' ஓவியர்களில் ஒருவரான ஜஸ்டின் தரணியகலவும் 1920களில் ஸ்லேடில் படித்தவர்.

இந்த இரண்டாவது வெள்ளத்தின் நடுவில்தான் டாங்க்ஸுக்குச் சோதனை வந்தது. 1910 நவம்பரில் ரோஜர் ஃபிரை என்ற விமர்சகர் கிராஃப்டன் கேலரியில் ஒரு கண்காட்சி வைத்தார். செசான், வான் கோ, கோகன் ஆகியோரின் ஓவியங்களை லண்டன் முதன்முறையாக மொத்தமாகப் பார்த்தது. ஊரே சிரித்தது, கோபப்பட்டது. வேடிக்கை என்னவென்றால் ஃபிரை அப்போது ஸ்லேடிலேயே கலை வரலாறு கற்பித்துக்கொண்டிருந்தார். டாங்க்ஸ் மாணவர்களைக் கூட்டிவைத்து, 'போகாதே என்று தடுக்க என்னால் முடியாது, போகாமல் இருந்தால் சந்தோஷப்படுவேன்' என்கிற பொருளில் பேசினார். ஒரு இளைஞர் கூட்டத்துக்கு இதைவிட நல்ல விளம்பரம் செய்ய முடியுமா?

அவருடைய எதிர்ப்பை வெறும் பழமைவாதம் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. கோடு எதையாவது விளக்க வேண்டும் என்று வாழ்நாள் முழுக்கச் சொன்னவருக்கு, எலும்பைப் பற்றிக் கவலையே படாத ஒரு உருவம் பொய்யாகத்தான் தோன்றும். ஆனால் அங்கேதான் அவருடைய கருத்தின் எல்லையும் தெரிகிறது. செசான் ஒரு ஆப்பிளை வரையும்போது அவரும் உருவத்தை விளக்கத்தான் முயல்கிறார், வேறு இலக்கணத்தில். டாங்க்ஸின் கண் அதற்குப் பழகவில்லை. ஃபிரையை மதபோதகராக வைத்து 1923-இல் கேலிச்சித்திரம் வேறு போட்டார். அது நன்றாகவே இருக்கும்.

1914-இல் போர் வந்தது. 52 வயதில் டாங்க்ஸ் மறுபடி டாக்டர் ஆனார். செஞ்சிலுவைச் சங்கத்தோடு பிரான்ஸுக்குப் போனார், பிறகு இத்தாலிக்கு. 20 வருடம் தொடாத தொழில், அதிலும் அந்தக் காயங்கள். மருத்துவராகத் தன்னால் பெரிய பயன் இல்லை என்று அவருக்கே தோன்றிவிட்டது. 1916-இல் ராணுவ மருத்துவப் பிரிவில் லெஃப்டினன்ட் ஆகி ஆல்டர்ஷாட் ஆஸ்பத்திரிக்கு வந்தார். அங்கே நியூசிலாந்தில் பிறந்த ஹெரல்ட் கில்லீஸ் என்ற இளம் சர்ஜன், முகம் சிதைந்த சிப்பாய்களுக்கு முகத்தைத் திரும்பக் கட்டிக்கொடுக்கும் வேலையைத் தொடங்கியிருந்தார். பதுங்குகுழிப் போரில் தலையைத் தூக்கியவருக்கு முகத்தில்தான் அடி. பிரான்ஸில் சோம் நதிக்கரைப் போர் தொடங்கியதும் காயம்பட்டவர்கள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கினார்கள். பெயர் பெற்ற ஓவியர் ஒருவர், அதுவும் சர்ஜன், அதே ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று கேள்விப்பட்ட கில்லீஸ் விடவில்லை. நோயாளிகளை வரைந்து தரச் சொன்னார்.

புகைப்படம் இருக்கும்போது ஓவியம் எதற்கு? அன்றைய புகைப்படம் கறுப்பு வெள்ளை. எது புதுத் தசை, எது அழுகத் தொடங்கியது, எது வீக்கம் என்பதெல்லாம் நிறத்தில் இருக்கிறது. டாங்க்ஸ் பேஸ்டலில் வரைந்தார். நிறப்பொடியோடு கொஞ்சம் பிசின் சேர்த்துக் குச்சியாக உருட்டியதுதான் பேஸ்டல். காயக் காத்திருக்க வேண்டாம், தோலின் மென்மையை அப்படியே பிடிக்கும். ஒருவரையே அறுவைக்கு முன்னும் பின்னும் வரைந்தார். கூடவே கோட்டுப் படங்களும் போட்டார்: எந்த இடத்துத் தோலை உரித்து எந்தப் பக்கம் திருப்பி எங்கே தைக்க வேண்டும் என்று. அவை 1920-இல் வெளிவந்த கில்லீஸின் முக அறுவை நூலில் இடம்பெற்றன. இப்படிப்பட்ட ஒரு படம் நம் பக்கத்திலிருந்தும் ஒருமுறை லண்டனுக்குப் போயிருக்கிறது. திப்பு சுல்தானோடு நடந்த போரில் மூக்கறுபட்ட கவாஸ்ஜி என்ற மாட்டுவண்டிக்காரருக்குப் புனேயில் நெற்றித்தோலை எடுத்து மூக்கு வைத்தார்கள். ஜேம்ஸ் வேல்ஸ் என்ற ஓவியர் அவரை வரைந்தார். 1794-இல் லண்டன் பத்திரிகையில் அந்தச் சேதி படத்தோடு வெளியாகி, பிரிட்டிஷ் சர்ஜன்களை அந்த முறையை முயன்று பார்க்க வைத்தது.

டாங்க்ஸின் பேஸ்டல்களில் ஏறக்குறைய 70 லண்டன் ராயல் சர்ஜன்கள் கல்லூரியில் இருக்கின்றன. படங்களை இணையத்தில் தேடிப் பார்க்கலாம், மனதைத் தயார்படுத்திக்கொண்டு. காயம் எவ்வளவு கொடூரமாக இருந்தாலும் அந்த மனிதர்கள் நேராக நம்மைப் பார்க்கிறார்கள். மருத்துவப் படத்தில் காயம் மட்டும் இருந்தால் போதும், கண்ணை வரைய வேண்டிய கட்டாயம் இல்லை. இவர் வரைந்திருக்கிறார். எந்தக் கோடும் அனுதாபம் கேட்டு நீளவில்லை. தாடை எங்கே உடைந்திருக்கிறது, உதடு எதைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறது என்று நிதானமாக விளக்குகிறது. வகுப்பறையில் 20 வருடம் சொன்னதன் முழு அர்த்தமும் இந்தத் தாள்களில் இருக்கிறது. பொதுமக்கள் பார்வைக்கு இவை ஏற்றவை அல்ல என்று அவரே நினைத்தார்.

அவர் பொதுமக்கள் பார்ப்பதற்காகவே வரைந்த எண்ணெய் வண்ண ஓவியங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தொப்பிக் கடையில் பெண்கள், முத்துமாலை பார்க்கும் பெண், மென்மையான அறை வெளிச்சம். அழகாக இருக்கின்றன, ரொம்ப உழைத்திருக்கிறார் என்பதும் தெரிகிறது. விதிவிலக்கு, 1918-இல் அரசாங்கப் போர் ஓவியராக மேற்குப் போர்முனைக்குப் போய் வந்து வரைந்த முதலுதவி நிலையம். அப்போது கூடவே போனவர் ஓவியர் ஜான் சிங்கர் சார்ஜென்ட். விஷவாயுவால் கண் தெரியாமல் போன சிப்பாய்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு வரிசையாக நடந்ததை இருவரும் சேர்ந்தே பார்த்தார்கள். சார்ஜென்ட் அதை 6 மீட்டர் அகலத்துக்கு வரைந்தார். டாங்க்ஸின் படம் அதைவிடச் சிறியது. அதில் கட்டுப் போடுகிறவர்களின் கைகளைக் கவனியுங்கள், தொழில் தெரிந்தவர் வரைந்த கைகள்.

1918-இல் பிரவுனுக்குப் பிறகு ஸ்லேட் பேராசிரியர் ஆனார், 1930-இல் ஓய்வு பெற்றார். சர் பட்டம் வந்தபோது வேண்டாம் என்றார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. செல்சியில் தி வேல் என்ற தெருவில் இருந்த அவர் வீட்டுக்கு எழுத்தாளர் ஜார்ஜ் மூர், ஸ்லேடில் உடன் கற்பித்த ஓவியர் ஸ்டீர் போன்ற நண்பர்கள் வந்து சேர்வார்கள். மூர் உரக்கப் படிக்க, ஸ்டீர் நாற்காலியிலேயே தூங்கிப்போவதை அவர் ஒரு படமாகவே வரைந்திருக்கிறார். 1936-இல் டேட் கேலரி அவருடைய படங்களைத் திரட்டிக் கண்காட்சி வைத்தது. உயிரோடு இருக்கும் ஓவியருக்கு அந்த மரியாதை அன்று அபூர்வம். 1937 ஜனவரியில் காலமானார்.

அவர் சொல்லிக்கொடுத்தது இரண்டு வழியில் பிரிந்து போனது. ஒன்று நேர்வழி. 1920களின் கடைசியில் அங்கே படித்த வில்லியம் கோல்ட்ஸ்ட்ரீம் 1949-இல் அதே பேராசிரியர் நாற்காலியில் உட்கார்ந்தார். பென்சிலைக் கையை நீட்டிப் பிடித்து ஒவ்வொரு தூரத்தையும் அளந்து, அளந்த புள்ளிகளை ஓவியத்திலேயே அழிக்காமல் விட்டுவைப்பார். இன்னொன்று எதிர்வழி. 1913-இல் அடங்காப்பிடாரி என்று ஸ்லேடிலிருந்து வெளியே அனுப்பப்பட்ட டேவிட் பாம்பர்க், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, பெரிய கலைப்பள்ளி எதுவும் இடம் தராத நிலையில், லண்டனின் பரோ பாலிடெக்னிக்கில் பாடம் எடுத்தார். எலும்பின் பெயரெல்லாம் அங்கே கேட்பதில்லை. எதிரில் நிற்கும் உடம்பின் எடையைக் காகிதத்தில் கொண்டுவா என்பார். அந்த வகுப்பில் கரித்துண்டும் கையுமாக, அழித்து அழித்து மறுபடி வரைந்துகொண்டிருந்தவர்களில் இருவர், பின்னாளில் புகழ்பெற்ற ஓவியர்களான ஃபிராங்க் அவர்பாக்கும் லியோன் கோசாஃபும்.